வெப்ப நாட்டில் பனியாற்றுச் சுவடுகள்



கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் செல்வோர், அத்திப்பட்டு நிலையத்தை நெருங்கும்போது கடற்கரைப் பக்கமாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகளைக் கண்டிருப்பீர்கள். அவை வடசென்னை அனல் மின்நிலையத்தைச் சேர்ந்தவை. அங்கு எரிக்கப்பெறும் நிலக்கரியில் ஒரு பகுதி ஒடிசா மாநிலத்துத் தால்சேர் சுரங்கங்களிலிருந்து வருகின்றது. பாரதீப்புத் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரை அடுத்த காமராசர் துறைமுகத்தில் வந்து இறங்குகின்றது. அக்கரியிலிருந்து பிறக்கும் மின்சாரமும் சேர்ந்தே நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்சாலைகளின் உலைகளில் இரும்பை உருக்குகின்றது.

உலையின் வெப்பத்துக்குக் காரணமான அந்நிலக்கரியின் கதை, பனிக்கட்டியில் தொடங்குகின்றது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? தால்சேர் நிலக்கரி அடுக்குகளுக்கும் கீழே, அவற்றினும் பழைய ஒரு பாறை அடுக்கு உண்டு. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவ்விடத்தில் பனியாறுகள் இருந்தன என்பதற்கு அது சான்று பகர்கின்றது. கோடையில் வெயில் கொளுத்தும் ஒரு நாட்டில் பனியாறு இருந்ததென்று எங்ஙனம் அறிந்தனர்? அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதலில், பனியாறு என்பது யாது எனக் காண்போம். மலை உச்சிகளிலும் துருவ நாடுகளிலும் பெய்யும் பனி, கோடையிலும் முற்றும் உருகாமல் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போனால், தன் எடையாலேயே அழுத்தமுற்றுக் கெட்டியான பனிக்கட்டியாக மாறும். போதிய கனம் சேர்ந்ததும் அது சும்மா கிடப்பதில்லை. பாகுபோல மெல்ல மெல்லச் சரிவை நோக்கி நகரும். இமயத்தில் கங்கை பிறக்கும் கங்கோத்திரிப் பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளமுடையது. தென்துருவக் கண்டத்தை மூடியிருக்கும் பனிப்போர்வையோ சராசரியாக ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கனமுடையது.

நீர் ஓடும் ஆற்றுக்கும் பனியாற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நீர் தரம் பிரிக்கும். வேகமாக ஓடும் இடத்தில் பெருங்கற்களைப் போடும். வேகம் குறையும் இடத்தில் கூழாங்கற்களையும், பின்னர் மணலையும், இறுதியில் வண்டலையும் போடும். முறத்தில் புடைக்கும் நம் வீட்டுப் பெண்டிர் அரிசியையும் நொய்யையும் தவிட்டையும் பிரித்தெடுப்பது போன்றது அது. பனிக்கட்டிக்கு அத்தகைய பகுத்தறிவு இல்லை. வீடு அளவுள்ள பாறையையும் மாவுபோன்ற பொடியையும் அது ஒன்றாகவே சுமந்து செல்லும். உருகும் இடத்தில் ஒன்றாகவே போட்டுவிடும். ஆதலின் பனியாறு விட்டுச்சென்ற படிவில், நுண்ணிய களிமண்ணுக்குள்ளே பெரிய உருள்பாறைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புதைந்து கிடக்கும். இஃது முதல் அடையாளம்.

இரண்டாவது அடையாளம் கற்களின் உருவத்தில் உள்ளது. ஆற்றில் உருளும் கல் எல்லாப் பக்கமும் தேய்ந்து உருண்டையாகும். பனிக்கட்டியின் அடியில் பிடிபட்ட கல்லோ உருள முடியாது. தச்சர் உப்புத்தாளைப் பலகையில் வைத்துத் தேய்ப்பதுபோல, பனிக்கட்டி அக்கல்லைப் பாறைத் தரையின்மேல் அழுத்தி இழுத்துக்கொண்டு போகும். கல்லின் அந்தப் பக்கம் தட்டையாகும். அதன்மேல் கீறல்கள் விழும். பின்னர்க் கல் சற்றே புரண்டால் மற்றொரு பக்கம் தட்டையாகும். இவ்வாறு பட்டை விழுந்து, கீறல் ஏறிய கற்கள் பனியாற்றுப் படிவுகளில் கிடைக்கும்.

மூன்றாவது அடையாளம் தரையிலே இருக்கின்றது. கற்களைப் பிடித்த பனி நகரும்போது, கீழேயுள்ள பாறைத்தளமும் வழவழப்பாகி, ஒரே திசையில் ஓடும் கீறல்களைப் பெறும். பனி எத்திசையில் நகர்ந்தது என்பதைக்கூட அக்கீறல்கள் காட்டிவிடும்.

நான்காவது அடையாளம் நீர்நிலைகளில் உண்டாவது. பனியாற்றின் முனையிலிருந்து உடைந்த கட்டிகள் ஏரியிலோ கடலிலோ மிதந்து செல்லும். அவை உருகும்போது, அவற்றில் சிக்கியிருந்த கற்கள் அடியிலுள்ள மெல்லிய சேற்றில் விழும். விழுந்த கல்லின் கீழே சேற்றடுக்குகள் அழுந்தி வளைந்திருக்கும். பின்னர்ப் படிந்த அடுக்குகள் கல்லை மேலே போர்த்தியிருக்கும். அமைதியான நீரில் படிந்த மெல்லிய சேற்றின் நடுவே தனியே ஒரு பெருங்கல் கிடக்குமாயின், அது மேலிருந்து விழுந்திருத்தல் வேண்டும் என்பது தெளிவு.

இவ்வடையாளங்களை மனத்தில் இருத்திக்கொண்டு தால்சேருக்குச் செல்வோம். இந்திய நிலநூல் ஆய்வுத்துறை 1851-இல் தாமஸ் ஓல்டம் என்பவரின் தலைமையில் தொடங்கிற்று. நாட்டில் நிலக்கரி எங்கெங்கு உள்ளது என ஆராய்வது அதன் முதல் வேலைகளுள் ஒன்று. அதற்காகத் தால்சேர் பகுதிக்குச் சென்றவர்கள் வில்லியம் பிளான்போர்டு, அவர் தம்பி என்றி பிளான்போர்டு, வில்லியம் தியோபால்டு ஆகிய மூவர். உடன்பிறந்தார் இருவரும் அப்போது இருபது வயதைச் சில ஆண்டுகளே கடந்த இளைஞர்கள். 1856-இல் அவர்கள் ஓர் அடுக்கைக் கண்டு வியந்தனர். நுண்ணிய பசுமை நிறச் சேற்றுப்பாறைக்குள் பெரிய உருள்பாறைகள் புதைந்திருந்தன. பெருங்கற்களை உருட்டும் அளவுக்கு வேகமுள்ள நீர், அந்த நுண்சேற்றை அடித்துக்கொண்டு போயிருக்குமே! சேறு படியும் அளவுக்கு அமைதியான நீர், அக்கற்களைக் கொண்டு வந்திராதே! இரண்டும் ஒன்றாக இருப்பது எங்ஙனம்? பனிக்கட்டி சுமந்து வந்திருத்தல் வேண்டும் என்று அவர்கள் கூறினர்.

அக்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவே ஒரு காலத்தில் பனியால் மூடப்பட்டிருந்தது என்னும் கருத்தை லூயி அகாசி என்னும் அறிஞர் 1837-இல்தான் வெளியிட்டிருந்தார். குளிர் நாடாகிய ஐரோப்பாவைப் பற்றியே பலர் ஐயுற்றிருந்த காலத்தில், வெப்ப மண்டலத்து இந்தியாவில், அதுவும் பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறையில், பனியின் வேலையைக் கண்டோம் என்று சொல்லுவதற்குத் துணிவு வேண்டும். கற்களும் சேறும் கலந்து கிடப்பது ஒன்றே போதிய சான்றாகாது என்று மறுப்பதற்கும் இடம் இருந்தது. மலைச்சரிவில் பெருமழையால் இறங்கும் சேற்றுப்பெருக்கும் அவ்வாறே அனைத்தையும் கலந்து போடக்கூடும் அன்றோ?

அந்த ஐயத்துக்கு விடை 1872-இல் கிடைத்தது. இன்றைய மகாராட்டிரத்தில், சந்திரப்பூருக்கு அருகே, பெங்கங்கை ஆற்றை ஒட்டிய இரை என்னும் ஊரில், பெடன் என்பார் தால்சேர்ப் படிவின் உருள்பாறை அடுக்கை ஆராய்ந்தார். கற்களின்மேல் கீறல்கள் இருந்தன. அது மட்டுமன்று, அவ்வடுக்கின் அடியில் இருந்த மிகப் பழைய சுண்ணாம்புக்கல் தளமும் மெருகேறி, நீண்ட கீறல்களைத் தாங்கி இருந்தது. கல்லும் தரையும் ஒன்றுக்கொன்று சாட்சியாயின. சேற்றுப்பெருக்கு இத்தகைய மெருகையும் கீறலையும் தருவதில்லை.

வேறொரு சான்றும் உண்டு. அதனை அறிய நம் ஊர்ப் பக்கமே சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். செங்குன்றம் என்னும் பெயர் எதனால் வந்தது? அங்குள்ள செம்மண்ணாலும் செம்புரைக் கல்லாலும் வந்தது. வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில் பாறைகள் உளுத்துப்போகும். அவற்றிலுள்ள பெல்சுபார் என்னும் கனிமம் களிமண்ணாக மாறிவிடும். இரும்பு துருவேறிச் சிவக்கும். தால்சேர்ப் படிவின் மணற்கற்களிலோ அந்தப் பெல்சுபார் மணிகள் உளுத்துப்போகாமல் புதியனபோலவே இருக்கின்றன. பாறையின் நிறமும் சிவப்பன்று, பசுமை. பாறை பொடியாகியும் உளுத்துப்போகவில்லை என்றால், அங்கு நிலவியது கடுங்குளிர் என்பதே பொருந்தும்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றையும் சொல்லுதல் தகும். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், மாணவர்களைப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கும் அல்லிக்குழி மலைப் பக்கத்துக்கும் அழைத்துச் சென்றேன். அங்கு மண்ணிலும் பாறையிலும் கூழாங்கற்கள் நிறைந்திருக்கும். குடியம் குகைகளே அத்தகைய கூழாங்கற்பாறையில் அமைந்தவைதாம். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தால்சேர் உருள்பாறை அடுக்கைப் பற்றி நான் படித்திருந்தேன். படித்த மிடுக்கில், “இவையும் பனியாறு கொண்டுவந்த கற்களே” என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். முன்னால் நின்ற ஒரு சிறுவன் கல்லொன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஐயா, கீறல் எங்கே?” என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. “பேசாமல் நட” என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த வாரம் நூல்களைப் புரட்டிப் பார்த்தேன். அச்சிறுவன் கேட்டதே சரி. அல்லிக்குழிக் கற்கள் குவார்ட்சைட்டு என்னும் கடினமான கல்லால் ஆனவை. அவை முட்டைபோல் உருண்டவை. பட்டை விழுந்தவை அல்ல. மலைகளிலிருந்து நீரோட்டம் உருட்டிக் கொணர்ந்து குவித்தவை. நம் மாவட்டத்தின் இந்தப் படிவுகள் தால்சேர்ப் படிவைவிடப் பல கோடி ஆண்டுகள் இளையவை; சுமார் 12 அல்லது 13 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பனி இந்தியாவை விட்டு நெடுங்காலத்துக்கு முன்பே அகன்றுவிட்டது. அடுத்த வகுப்பில் மாணவர்கள் அனைவர் முன்னிலையிலும், நான் சொன்னது பிழை, அவன் கேட்டது சரி என்று சொன்னேன். சொல்லும்போது நாணமாகத்தான் இருந்தது. ஆனால் பனியாற்றின் அடையாளங்களை அன்று அவ்வகுப்பு கற்றதுபோல வேறெந்த வகுப்பும் கற்றதில்லை.

அக்கற்களுக்கு அவற்றுக்கே உரிய பெருமை உண்டு என்பதையும் மறத்தல் ஆகாது. 1863-இல் இராபர்ட் புரூசு பூட்டு என்பவர், வில்லியம் கிங்குடன் சேர்ந்து, கொசத்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தில் தொல்மாந்தரின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவை குவார்ட்சைட்டில் செய்யப்பெற்றவை. அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. பூட்டும் கிங்கும் தால்சேரை ஆராய்ந்த அதே துறையைச் சேர்ந்தவர்களே.

இனி, அடுத்த வினாவுக்கு வருவோம். வெப்ப நாடாகிய இந்தியாவுக்குப் பனி எங்கிருந்து வந்தது? உலகம் முழுவதும் அக்காலத்தில் உறைந்திருந்ததா? இல்லை. அதே காலத்தில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெப்பச் சதுப்புக் காடுகள் செழித்திருந்தன. ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் தால்சேர்ப் படிவை ஒத்த பனிப்படிவுகள் உள்ளன. தெற்கு ஆஸ்திரேலியாவின் பாறைக் கீறல்கள், பனி தெற்கிலிருந்து, அதாவது இன்று கடல் இருக்கும் திசையிலிருந்து நகர்ந்து வந்ததாகக் காட்டுகின்றன. பிரேசிலிலும் பனி கடற்புறமிருந்தே வந்திருக்கின்றது. கடலிலிருந்து பனியாறு நிலத்தின்மேல் ஏறி வருமா? வராது. அங்கே அப்போது நிலம் இருந்திருத்தல் வேண்டும்.

அந்நாடுகளின் பாறைகளில் குளோசாப்டெரிசு என்னும் மரத்தின் நாக்குப் போன்ற இலைகளும் பதிந்துள்ளன. தென்துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் 1912-இல் உயிர்நீத்த காப்டன் ஸ்காட்டும் அவர் தோழர்களும், தளர்ந்த நிலையிலும் சுமார் 16 கிலோ பாறைத்துண்டுகளைத் தம் சறுக்கு வண்டியில் இழுத்து வந்தனர். அவர்தம் உடல்களோடு கண்டெடுக்கப்பெற்ற அக்கற்களில் இதே இலையின் பதிவுகள் இருந்தன. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, தென்துருவக் கண்டம் ஆகிய அனைத்தும் ஒரு காலத்தில் ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன என்பதே இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு. அப்பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்பது பெயர். மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டிலிருந்து பிறந்த பெயர் அது.

கண்டங்கள் நகர்ந்தன என்று ஆல்பிரடு வெகனர் 1912-இல் கூறியபோது, இந்தப் பனிப்படிவுகளை அவர் தம் முக்கியச் சான்றுகளுள் ஒன்றாகக் காட்டினார். நகர்த்திய ஆற்றல் எது என்று அவரால் சொல்ல இயலாமையால் பலர் ஏற்கவில்லை. 1960-களில் கடலடித் தரை விரிவதை அறிந்த பிறகே அக்கருத்து நிலைபெற்றது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவத்துக்கு அணித்தாக இருந்தது. பின்னர்ப் பெருநிலம் பிளந்தது. இந்தியா வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதி இமயத்தை எழுப்பிற்று. எனவே, பனி நம்மைத் தேடி வரவில்லை. நம் நாடே பனி இருந்த இடத்தில் இருந்தது.

இதனினும் பழைய பனிக்காலங்களும் உண்டு. இமயத்தில் சிம்லா, சோலன் பகுதிகளிலுள்ள பிளைனி உருள்பாறை அடுக்கு, சுமார் 63 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பெரும் பனிக்காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுகின்றது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துக் கௌகண்டா படிவோ 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அங்கும் அறிஞர் தேடியவை இதே அடையாளங்கள்தாம்: தரம் பிரியாத கலவை, பட்டை விழுந்த கல், கீறல், சேற்றில் விழுந்த தனிக்கல்.

மீண்டும் தால்சேருக்கு வருவோம். பனி பின்வாங்கிய பின், குளிர் தணிந்த பள்ளத்தாக்குகளில் ஆறுகள் ஓடின, சதுப்புகள் தோன்றின, குளோசாப்டெரிசுக் காடுகள் வளர்ந்தன. மடிந்த மரங்கள் நீரில் அமிழ்ந்து, மக்காமல் புதையுண்டு, அழுத்தத்தால் நிலக்கரியாயின. ஆகவேதான் உருள்பாறை அடுக்கு கீழும், நிலக்கரி அதற்கு மேலுமாக அமைந்துள்ளன. அம்மரங்கள் காற்றிலிருந்து உட்கொண்ட கரியமிலவாயுவின் கரியே 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமிக்குள் அடங்கிக் கிடந்தது.

காற்றில் கரியமிலவாயு மிகுந்தால் பூமி வெப்பமுறும், குறைந்தால் குளிரும். அப்பழைய பனிக்காலத்துக்கு, நிலம் துருவத்தருகே இருந்தது ஒரு காரணம். செடிகொடிகள் கரியைப் புதைத்தமையால் காற்றில் கரியமிலவாயு குறைந்திருந்தது மற்றொரு காரணம். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. பல லட்சம் ஆண்டுகளில் காடுகள் சேமித்ததை நாம் ஒரு சில தலைமுறைகளில் செலவு செய்கின்றோம். இன்று உலக நிலப்பரப்பின்மேல் உள்ள பனி முழுதும் உருகுமாயின் கடல்மட்டம் 60 மீட்டருக்கும் மேல் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள், ஏன், ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம். ஆனால் ஒரே ஒரு மீட்டர் உயர்ந்தாலும் பழவேற்காட்டு மீனவர் குடியிருப்புகளும், எண்ணூர் முகத்துவாரத்தின் தாழ்ந்த கரைகளும் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தொழிற்சாலைகள் வேண்டா என்று நான் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒவ்வொரு நாளும் ஆலைச் சங்கு ஒலிக்கும்போது எத்தனை குடும்பங்களின் அடுப்பு எரிகின்றது என்பதை அறிந்தவன் நான். என் மாணவர்கள் பலர் அங்கே வேலை செய்து, தம்பி தங்கையரைப் படிக்க வைத்தவர்கள். அந்த உலைகள் தொடர்ந்து எரிய வேண்டும். நிலக்கரியை நம்பாமல் எரிய வேண்டும். அதற்கு வழி காண்பது உங்கள் தலைமுறையின் கடமை. எங்கள் தலைமுறை அதனை உங்களுக்கு முடித்துத் தந்திருத்தல் வேண்டும், தரவில்லை.

அக்கடமைக்கு எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்களாயின், ஒரு கல்லிலிருந்து தொடங்குங்கள் என்பேன். விடுமுறையில் பூண்டிக்குச் செல்லுங்கள். அங்குள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தைப் பாருங்கள். பாதையோரத்தில் ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்து, இது உருண்டதா, இழுபட்டதா, யார் கொண்டுவந்தது என்று கேளுங்கள். உங்கள் ஆசிரியர் விடை சொன்னால் அதற்குச் சான்று எங்கே என்றும் பணிவோடு கேளுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அல்லிக்குழியில் என்னிடம் அவ்வாறு கேட்ட சிறுவனுக்கு, நான் இன்றும் நன்றியுடையேன்.